லோரி வேண்டாம் என்றார் அம்மா

செமாபோக்கில் எங்கள் வீட்டு வாசலில் அன்று காலை மிதித்து ஓட்டும் மூன்று சக்கரத் திரிஷா ஒன்று வந்து நின்றது. எங்களைத் தேடி திரிஷாவில் வருகிறவர்கள் யாருமில்லை. சத்தம் கேட்டதும் நான் முதலில் செய்தது, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடியதுதான். சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தபோதுதான் இறங்குவது மக் சிக் என்று தெரிந்தது. காஜா பேராங்கில் எங்கள் அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். மலாக்கா செட்டிக் குடும்பம். நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு மலாயாக இருக்கும். சிறுவயது முதல் நான் அவரை, மலாயில் அத்தை என்பதுபோல, மக் சிக் என்றே கூப்பிட்டிருக்கிறேன்.

கதவைத் திறந்தேன். அவர் உள்ளே வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரசு, தாத்தா சூடா தாடா" என்றார். தாத்தா இப்போது இல்லை. மலாயில் அதை அவ்வளவு மெதுவாகச் சொல்லிவிட முடிகிறது. விடியலில் மாடு கறந்துவிட்டு, கறவைப் பலகையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். பால் சிந்தவில்லை என்பதையும் மக் சிக் சொன்னார். ஏன் அதைச் சொன்னார் என்று தெரியவில்லை.

என் தாத்தா, பால்கார வேலாயுதத்தை உங்களில் பலருக்குத் தெரியும். ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருப்பவர்களும், பண்டார் ஹிலிரில் குடியிருப்பவர்களும் அவர் சைக்கிள் மணியைக் கேட்டுத்தான் கதவைத் திறந்திருப்பீர்கள். அன்று மாலை அவரை எடுத்துச் செல்ல, நல்ல மனதுடன் நீங்களே ஒரு லோரியை ஏற்பாடு செய்திருந்தீர்கள். இடுகாடு தூரம், வெயில் அதிகம். லோரி வந்து வேலியோரம் நின்றதும் அம்மா வாசலில் போய் நின்றுகொண்டார். இரண்டு கையையும் விரித்து, "லோரி வேண்டாம்யா. அந்த மனுஷன் ஒரு தடவை ஏறுனாரு. அது போதும்" என்றார். நீங்கள் ஒன்றும் கேட்காமல் அவ்வளவு தூரமும் தோளில் சுமந்தீர்கள். வழியில் ஒருவர் மட்டும் என் கணவரிடம் மெதுவாகக் காரணம் கேட்டாராம். அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தோள் கொடுத்தவர்களுக்கு நான் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் அப்பா முருகையாவை நான் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில், நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். அப்பாவும் ஒரு லோரியில் போனார். போனவர் திரும்பவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளில் எங்கள் வீட்டில் அப்பாவைப் பெற்ற தாத்தா, அம்மா, நான், மாடுகள். அப்பாவின் பெயரைத் தாத்தா சொல்லி நான் கேட்டதே இல்லை. 'அவன்' என்றுகூடச் சொல்லமாட்டார். அம்மா எப்போதாவது என் தலையைப் பின்னும்போது, "உங்கப்பா பேரு முருகையா" என்று காதோடு சொல்வார், தாத்தாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

மற்ற வீட்டுத் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள், தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். என் தாத்தா எனக்கு ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தார். மாட்டுக்கொட்டகையின் கடைசி மூலையில் புல்லுக்கட்டுகளை அடுக்கி, நடுவில் என் உடம்பு நுழையும் அளவுக்கு ஓர் இடம் விட்டிருந்தார். "சத்தம் கேட்டா முதல்ல ஓடு. யாருன்னு அப்புறம் பாரு." இதுதான் அவர் எனக்குச் சொன்ன பாடம். தொடக்கத்தில் அது விளையாட்டாக இருந்தது. அவர் வாயாலேயே லோரிபோல உறுமுவார், நான் சிரித்துக்கொண்டே ஓடுவேன். பிறகு எப்போது சிரிப்பு நின்றது என்று தெரியவில்லை.

எனக்கு ஆறு வயது இருக்கலாம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள். பட்டாளத்து லோரிகள் ஊருக்குள் வந்து போகும். ஒரு பகலில் அப்படி ஒன்று எங்கள் வேலியோரம் நின்றது. சக்கரத்தில் ஏதோ கோளாறு. நான் புல்லுக்கட்டுகளுக்குள் போய்விட்டேன். லோரி போய்விட்டது. நான் வெளியே வரவில்லை. அம்மா கூப்பிட்டார், வரவில்லை. மக் சிக் கூப்பிட்டார், வரவில்லை. மூத்திரம் போய்விட்டது. எறும்பு கடித்தது. அசைந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மாலையில் பால் ஊற்றிவிட்டு வந்த தாத்தாதான் நேராகக் கொட்டகைக்கு வந்து என்னை வெளியே எடுத்தார். நனைந்த பாவாடையோடு என்னைத் தூக்கிக்கொண்டு, "என் தங்கம், என் தங்கம்! எவனுக்கும் கெடைக்கலையில்ல!" என்று உச்சி முகர்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அம்மா அன்று முதல்முறையாக அவர்மீது குரலை உயர்த்தினார். "என்னா மாமா இது? புள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி பயத்த ஊட்டுறீங்களே."

"பயந்தவதான் உசுரோட இருப்பா" என்றார் தாத்தா.

"இது உசுரோட இருக்கறதா?" என்று என் பாவாடையைக் காட்டிக் கேட்டார் அம்மா. தாத்தா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அம்மா சொன்னது சரி என்பது பள்ளிக்கூடத்தில் தெரிந்தது. ஒரு நாள் புதிய நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லோரி எங்கள் தமிழ்ப்பள்ளிக்குள் வந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எனக்கு என்ன ஆயிற்றென்று எனக்கே தெரியாது. கண் திறந்து பார்த்தபோது ஆசிரியரின் மேசைக்கு அடியில் இருந்தேன். வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் லோரி சரசு. வகுப்பில் யாராவது 'ட்ர்ர்' என்று உதட்டைத் துடிக்கவிட்டால் போதும், எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். பன்னிரண்டு வயது வரை அப்படித்தான்.

அந்த வயதில்தான், சுதந்திரம் என்றைக்கு என்று மலாக்காவில் வைத்து அறிவிக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு வந்தது. பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம். காஜா பேராங் ஆட்களை ஏற்றிச் செல்ல லோரிகள் வருமாம். மக் சிக் தன் மகளை அழைத்துக்கொண்டு போகிறேன், சரசுவையும் அனுப்பு என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். அந்த நேரம் தாத்தா பால் ஊற்றப் போயிருந்தார்.

"போறியா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"போய்ட்டு வா. எத்தனை நாளைக்குப் புல்லுக்குள்ளயே இருப்ப? தாத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

லோரி வந்தது. பக்கங்களில் தென்னங்கீற்று கட்டியிருந்தார்கள். பழைய லோரி, வண்டி நிற்கும்போதுகூட எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. மக் சிக் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "ஜாங்ஙான் தாகுத், ஜாங்ஙான் தாகுத்" என்றார். பயப்படாதே. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே நின்றேன். யார் யாரோ பாடினார்கள். பலகையைத் தூக்கி மாட்டும் சத்தம் கேட்டது. வண்டி நகரத் தொடங்கியது.

அப்போது சைக்கிள் கீழே விழும் சத்தமும் பால் கேன் உருளும் சத்தமும் கேட்டன. கண்ணைத் திறந்தேன். தாத்தா ஓடிவந்துகொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பில்லை. "நிறுத்து! நிறுத்து!" என்று தமிழில் கத்தினார். யாரும் நிறுத்தவில்லை. அவரும் கூட்டத்துக்கு வர ஆசைப்படுகிறார் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பின்பலகையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். கால் தரையில் தேய்ந்தது. என்னை இறக்கிவிட முடியாது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அடுத்த கணம் அவர் ஏறிவிட்டார். இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். உள்ளே விழுந்தவர் தவழ்ந்தே என்னிடம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். திட்டவில்லை. வழி முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு, பல் கிட்டிப்போனவர்போல உட்கார்ந்திருந்தார். அவர் நடுக்கம் என் கை வழியாக ஏறி என் தாடையை ஆட்டியது.

திடலில் அவ்வளவு மனிதர்களை நான் அதற்கு முன் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஒருபக்கம் கடல். மறுபக்கம் வரிசையாக லோரிகள். மேடை எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு குரல் எதையோ சொன்னது. உடனே சுற்றியிருந்த கூட்டம் முழுவதும் "மெர்டேக்கா!" என்று எழும்பியது. சுதந்திரம். மறுபடியும், மறுபடியும். மற்றவர்களுக்கு அது எப்படிக் கேட்டதோ, எனக்குத் தெரியாது. தாத்தாவும் நானும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்து காதைப் பொத்தினோம். காதைப் பொத்த அவர் என் கையை விட்டார். அவ்வளவுதான். கூட்டம் எங்களுக்கு நடுவே புகுந்தது.

நான் ஓடினேன். எங்கே என்று பார்க்கவில்லை. சாலையோர வாய்க்காலில் ஒரு சிறு பாலம் இருந்தது. தண்ணீர் இல்லை. அதன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் லோரிகளின் சக்கரங்களும் மனிதர்களின் கால்களும் மட்டும் தெரிந்தன. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கால்கள் லோரிகளை நோக்கி நடந்துவந்தன. ஒவ்வொன்றாக மேலே ஏறின. ஏறிய கால்கள் கீழே வரவில்லை. எஞ்சின்கள் உறுமத் தொடங்கின. வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் அவர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரையும் கொண்டுபோகிறார்கள், தாத்தாவையும் ஏற்றிவிட்டார்கள், இனி நானும் அம்மாவும்தான் என்று நினைத்தேன். வாயில் மண்ணை வைத்து அடைத்துக்கொண்டேன், அழுகைச் சத்தம் வெளியே வந்துவிடாமல் இருக்க.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"முருகையா! டேய் முருகையா!"

முதலில் அது தாத்தாவின் குரல் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லையே. ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுங்காலோடும் இரண்டு பாதங்கள் ஒரு லோரியின் அருகே நின்றன. தார்ப்பாயை இழுக்கும் சத்தம். அடுத்த லோரி. மறுபடியும் தார்ப்பாய். எந்த லோரியின் சத்தம் கேட்டாலும் கொட்டகைக்குள் போய்விடுகிற மனிதர் ஒவ்வொரு லோரியாகத் தலையை உள்ளே விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"அனாக் சாயா! அனாக் சாயா!" என்றார் ஓட்டுநர் ஒருவரிடம். என் பிள்ளை.

ஓட்டுநர் நல்லவர். மலாயில் நிதானமாக விசாரித்தார். எத்தனை வயது?

"இருபத்திரண்டு வயசுய்யா. வெள்ளைச் சட்டை போட்டிருக்கான். படம் பாக்கப் போறேன்னு சொன்னான்யா."

நான் பாலத்துக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தேன். "தாத்தா" என்றேன். அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. லோரிக்குப் பயந்திருக்கிறேன், இருட்டுக்குப் பயந்திருக்கிறேன். அந்தக் கணத்தில் பயந்ததுபோல அதற்கு முன்னும் பின்னும் நான் பயந்ததில்லை.

"தாத்தா, நான் சரசு. முருகையா மக சரசு."

அவர் கண் மெல்லத் திரும்பி வந்தது. என் வாயில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தார். "நீ எங்கம்மா போன?" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மக் சிக் எங்களைத் தேடி வந்தார். லோரியில் ஏறச் சொன்னார். தாத்தா கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். நாங்கள் நடந்தோம். பாடிக்கொண்டும் கொடியாட்டிக்கொண்டும் லோரிகள் எங்களைத் தாண்டிப் போயின. ஒவ்வொன்று தாண்டும்போதும் என்னை உள்பக்கமாகத் தள்ளிவிட்டு அவர் சாலைப்பக்கம் நின்றார். பாதி வழியில், கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"சும்மா படம் காட்டுறோம்னு சொன்னானுங்க. காசு வேண்டாமாம். லோரி நம்ம வேலிகிட்டதான் நின்னுச்சு. உங்கப்பன் என்னையும் கூப்பிட்டான். வாங்கப்பா, சேந்து போலாம்னான். மாடு கறக்கணும், நீ போய்ட்டு வாடான்னு நான்தான் சொன்னேன். ஏறும்போதும் சிரிச்சிக்கிட்டே ஏறுனான். நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "இன்னிக்கு ஏறிட்டேன்" என்றார்.

வீட்டில் பெரிய சண்டை நடக்கும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் நின்றார். கீழே கிடந்த சைக்கிளை எடுத்து நிறுத்தியிருந்தார். தாத்தா வேலியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல், "அம்மாடி, அவனப் போகச் சொன்னது நான்தான். உன்கிட்ட இவ்வளவு நாளும் சொல்லல" என்றார்.

அம்மா அசையாமல் நின்றார். எங்கள் இருவரையும் வெளியே துரத்திவிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு அவர் சொன்னார்: "நானுந்தான் மாமா போகச் சொன்னேன். வீட்டுக்குள்ளயே இருக்கீங்களே, போய்ட்டு வாங்கன்னு சொன்னேன். அந்த வெள்ளைச் சட்டைய எடுத்துக் குடுத்தது நான்."

இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் இருவரும் இதையே தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தார்கள். அம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். "காலக் கழுவுங்க. ரத்தம் வருது" என்றார். தாத்தாவின் வெறுங்காலை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. தாத்தாவின் பயம் போகவில்லை. என் பயமும் போகவில்லை. எனக்குத் திருமணம் பேசியபோதும், மாப்பிள்ளை வீட்டில் லோரி இருக்கிறதா என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. ஆனால் புல்லுக்கட்டுகளுக்கு நடுவே இருந்த அந்த இடத்தை மறுநாளே அவர் அடைத்துவிட்டார். என் மகள் பிறந்தபின் சைக்கிள் மிதித்து செமாபோக் வரை வருவார், அவளுக்கென்று தனியாகப் பால் எடுத்துக்கொண்டு. அவளை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது லோரி போனால் எழுந்து ஓடமாட்டார். குழந்தையின் முகத்தைச் சாலைப்பக்கம் திருப்பி, "அங்க பாரு, லோரி. கல்லு ஏத்திட்டுப் போறான். இன்னொன்னு வருது பாரு, அதுல வாழைத்தாரு" என்று சொல்வார். குழந்தை கைதட்டும். அவர் கை அவளை இறுக்கிப் பிடித்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். "முதல்ல யாருன்னு பாரும்மா, முதல்ல யாருன்னு பாரு" என்று அவள் காதில் சொல்வார். எனக்குச் சொன்னதை அவளுக்கு அவர் சொல்லவில்லை.

திரிஷா வந்து நின்ற காலையில் நான் முதலில் ஓடினேன், பிறகுதான் பார்த்தேன். ஆகவே அவரிடமிருந்து எனக்கு வந்தது எது என்று கேட்டால், பயம் என்று சொல்வதே நேர்மை. அதை நான் மறைக்கப்போவதில்லை. அது மட்டுமா என்று கேட்டால், இல்லை.

அந்தக் கூட்ட நாளுக்குப் பிறகு, மாடு கறக்கும்போதும் புல் நறுக்கும்போதும் அவர் எனக்கு என் அப்பாவைச் சொன்னார். ஒரே மூச்சில் சொல்லமாட்டார். ஒரு நாளுக்கு ஒன்று, அதுவும் சொல்லிவிட்டுச் சுற்றும்முற்றும் பார்ப்பார். முருகையா புளிச்சோறு என்றால் இரண்டு தட்டு சாப்பிடுவான். முருகையாவுக்கு நீந்தத் தெரியாது, ஆனால் தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான். மாட்டுக்குப் பாட்டுப் பாடினால் கூடப் பால் கறக்கும் என்பான், குரல் மகா மட்டம். நீ வயிற்றில் இருப்பது தெரிந்த அன்று யாரிடமும் சொல்லாமல் தொட்டிலுக்குக் கம்பு வெட்டிவந்து போட்டான்.

பார்க்காத ஒரு மனிதரை எனக்கு முழுசாகத் தந்துவிட்டுத்தான் தாத்தா போயிருக்கிறார். என் மகள் பேசத் தொடங்கிவிட்டாள். இன்னும் கொஞ்ச நாளில், எனக்குத் தாத்தா இருக்கிறாரா, அவர் எப்படி இருப்பார் என்று கேட்பாள். இருக்கிறார் என்று சொல்வேன். அவர் பெயர் முருகையா என்று, சத்தமாகச் சொல்வேன்.